"ஏலாது" என்று பென்சிலை வைக்கும் பிள்ளை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு, பின்னேரம் ஐந்து மணி என்று வைத்துக்கொள்வோம். ஏழு வயதுப் பிள்ளை 'எனது குடும்பம்' பற்றி ஐந்து வசனம் எழுதவேண்டும். முதலில் பென்சிலைச் சீவுகிறது. பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறது. திரும்பி வந்து 'எனது' என்று எழுதி, 'ன'வின் சுழி கோணிவிட்டது என்று அழிறப்பரால் தேய்க்கிறது. மறுபடி எழுதுகிறது, மறுபடி தேய்க்கிறது, தாள் கிழிகிறது. ஆறு மணிக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது. "ஏலாது அம்மா" என்று பென்சிலை வைத்துவிடுகிறது. இதே பிள்ளைதான் காலையில் அப்பம்மாவுக்குப் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் கதை சொன்னது. அதனால் வீட்டில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: பஞ்சி பிடித்த பிள்ளை.

அந்த முடிவு பெரும்பாலும் பிழை. ஒரு 'ஏலாது'வுக்குள் வேறு வேறு சங்கதிகள் இருக்கலாம். கை நோகலாம். 'ண'வுக்கு எத்தனை சுழி என்பது நினைவுக்கு வராமல் இருக்கலாம். காதில் விழும் ஒலிக்கு எந்த எழுத்து என்று பிடிபடாமல் இருக்கலாம். மனதில் உள்ளதை வசனமாகக் கோக்கத் தெரியாமல் இருக்கலாம். எல்லாம் தெரிந்தும், யாராவது எட்டிப் பார்த்துப் பிழை பிடிப்பார்கள் என்ற பயம் கையைக் கட்டிப்போட்டிருக்கலாம். இந்த ஐந்துக்கும் ஒரே மருந்தாக 'இன்னும் பத்துத்தரம் எழுது' என்று கொடுக்கும்போதுதான் காரியம் கெடுகிறது. எங்கே சிக்குகிறது என்று முதலில் கண்டுபிடிக்கவேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

பதினைந்து நிமிடச் சோதனை

ஒரு சனிக்கிழமை காலையில், பிள்ளை சாப்பிட்டு விளையாடி முடித்த பிறகு, 15 நிமிடம் ஒதுக்குங்கள். பரீட்சை வைக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தோன்றக்கூடாது. நேற்று நடந்த ஏதாவதொன்றை வாயால் சொல்லச் சொல்லி ஃபோனில் பதிவுசெய்யுங்கள். சற்று இடைவெளி விட்டு, ஐந்து சொல் கொண்ட ஒரு வசனத்தைப் பெரிதாக எழுதிக் கொப்பிக்கு மேலேயே வைத்து, பார்த்து எழுதச் சொல்லுங்கள். அடுத்து, அதே அளவான இன்னொரு வசனத்தைச் சொல்வதெழுதுதலாகக் கொடுங்கள். கடைசியாக, விரும்பியதைப் பற்றி இரண்டு வசனம் எழுதச் சொல்லிவிட்டு, அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். எழுதியதைப் பிள்ளை காட்ட விரும்பினால் மட்டும் பாருங்கள்.

வாயால் நன்றாகச் சொல்லி, பார்த்து எழுதுவதிலேயே தடுமாறினால் சிக்கல் கையிலோ கண்ணிலோ எழுத்தின் வடிவத்திலோ இருக்கிறது. பார்த்து எழுதுவது சரியாக வந்து, சொல்வதெழுதுதலில் விழுந்தால் ஒலிக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள தொடர்பு தளர்ந்திருக்கிறது. இரண்டும் சரியாக வந்து, சொந்த வசனம் மட்டும் வராவிட்டால் எண்ணத்தை ஒழுங்குபடுத்துவதில் உதவி வேண்டும். நீங்கள் வெளியே போனதும் எழுதி, உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டால் அது பயம். வாயால் சொல்வதே இரண்டு சொல்லில் முடிந்துவிட்டால், எழுத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் பேச்சையும் கேட்கும் திறனையும் பார்க்கவேண்டும்.

பார்த்து எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். எத்தனை தரம் தலை நிமிர்கிறது? 'அம்மா' என்ற சொல்லுக்கு ஒரு பார்வை போதும். 'அ'வைப் பார்த்து எழுதி, 'ம்'மைப் பார்த்து எழுதி, 'மா'வைப் பார்த்து எழுதினால், அந்தப் பிள்ளை ஒவ்வொரு எழுத்தையும் படம்போல வரைகிறது. இப்படியான பிள்ளைக்குக் கரும்பலகையில் இருந்து எழுதுவது வதை. ஒவ்வொரு எழுத்துக்கும் கண் தூரத்துக்குப் போய்க் கிட்டத்துக்குத் திரும்பவேண்டும். திரும்பி வருவதற்குள் விட்ட இடம் தொலைந்துவிடும். மற்றப் பிள்ளைகள் முடித்துவிட்டுக் கொப்பியை மூடும் சத்தம் கேட்கும்போது பயமும் சேர்ந்துகொள்ளும். இது தெரிந்தால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தமிழில் எழுதுவதன் பாரம்

'என்னிடம் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது' என்று எழுத உட்காரும் பிள்ளையைப் பாருங்கள். 'நாய்க்குட்டி'யில் ஆறு எழுத்து. 'நா' வந்துவிட்டது. பிறகு 'ய்', அதற்குப் பிறகு 'க்', உடனே 'கு'. அடுத்தடுத்து இரண்டு ஒற்று வருகிறது; பிள்ளை ஒன்றை விட்டுவிடுகிறது, அல்லது விட்டதை உணர்ந்து நின்று யோசிக்கிறது. அந்த யோசனை முடிவதற்குள் 'இருக்கிறது' மறந்துபோய்விடுகிறது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே நாம் மனதில் தாங்கி வைத்திருக்கும் செயல்நினைவு மிகச் சிறியது. எழுத்தின் வடிவம் தானாக ஓடாதவரை அந்தச் சிறிய இடம் முழுவதையும் வடிவமே பிடித்துக்கொள்ளும். எண்ணத்துக்கு இடம் மிஞ்சாது. பயமும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. 'டீச்சர் ஏசுவாவா' என்று நினைக்கும் மூளைக்கு 'ய்'க்குப் பிறகு என்ன என்று நினைக்க வலு குறைவு. எழுதக் கஷ்டப்படும் பிள்ளை பயப்படுவதும், பயந்த பிள்ளை இன்னும் மோசமாக எழுதுவதும் இப்படித்தான் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

தமிழ் எழுத்து சில இடங்களில் பிள்ளையின் காதோடு முரண்படுகிறது. 'பே' என்று சொல்லும்போது வாய் முதலில் 'ப்' என்கிறது, பிறகு 'ஏ' என்கிறது. கையோ முதலில் இரட்டைக் கொம்பைப் போட்டுவிட்டுத்தான் 'ப'வை எழுதவேண்டும். 'போ'வில் கொம்பு முன்னால், அரவு (ா) பின்னால். 'பௌ'வின் பின்பாதி 'ள' போலவே இருக்கிறது. 'பேனை' எழுதச் சொன்னால் 'ப'வை எழுதிவிட்டு அதற்குப் பின்னால் கொம்பு போடும் பிள்ளை, கேட்ட ஒழுங்கிலேயே எழுதியிருக்கிறது. அதன் காது சரியாக வேலை செய்கிறது; கொம்பு முன்னால் வரும் என்ற வழக்கம் மட்டும் கைக்கு வரவில்லை. இதைக் 'கவனமில்லை' என்று ஏசினால், பிள்ளை தன் காதையே சந்தேகிக்கத் தொடங்கும்.

247 எழுத்து என்றதும் பெரியவர்களே மலைத்துப்போகிறார்கள். ஆனால் அரவையும் விசிறியையும் (ி, ீ) பெரும்பாலான எழுத்துக்கு ஒரே விதியாகப் பழக்கலாம். அதிகம் சறுக்குவது 'உ', 'ஊ' வரிசை. கு, சு, து, மு, ரு என்று வளைவு ஆளுக்கொரு விதமாகப் போகும். 18 மெய்க்கு 36 வடிவம். இவற்றை ஒரே கிழமையில் திணிக்காமல், ஒத்த வளைவுள்ளவற்றை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பழக்குவது நல்லது.

கொழும்புப் பிள்ளைக்கு இதற்கு மேலும் பாரம் உண்டு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று எழுத்துமுறை ஒரே புத்தகப்பையில் இருக்கின்றன. சிங்கள எழுத்து வளைவிலேயே ஓடும். ஆங்கிலச் சிற்றெழுத்துக்குக் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் அளவு பார்க்கவேண்டும். தமிழில் 'த', 'ந', 'ற', 'ழ' போன்றவற்றின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கும், அடுத்த வரியின் விசிறியோடு முட்டும், பக்கம் குழம்பும். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொன்னாலே சில கொப்பிகள் பாதி திருந்திவிடும். மூன்று மொழியிலும் சிக்கல் என்றால் கையையோ எழுத்தறிவின் அடித்தளத்தையோ பார்க்கவேண்டும். தமிழில் மட்டும் சிக்கல் என்றால், அதுவும் சர்வதேசப் பாடசாலையில் படிக்கும் பிள்ளை என்றால், பழக்கக் குறைவே முதல் சந்தேகம்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டில் 'வந்திட்டார்', 'போறன்', 'செய்யேலாது' என்று பேசும் பிள்ளை, கொப்பியில் 'வந்துவிட்டார்', 'போகிறேன்', 'செய்ய இயலாது' என்று மாற்றி எழுதவேண்டும். அதாவது யோசி, மாற்று, எழுத்துக்கூட்டு, கையால் வரை. வயது ஏழு. முதல் எழுத்துப்படியில் பேச்சுத்தமிழை அப்படியே எழுத விடுங்கள். எழுதி முடிந்த பிறகு இரண்டே இரண்டு சொல்லை மட்டும் சேர்ந்து மாற்றுங்கள். கொச்சைத்தமிழ் பழகிவிடும் என்ற அச்சம் தேவையில்லை. எழுதாமலே விட்ட வசனத்தைத் திருத்த வழியில்லை.

பயத்துக்கு ஏணி

பயம் வளர்வது நிம்மதியால். வயிற்றுவலி என்று சொன்னதும் அம்மா கொப்பியை மூடிவிடுகிறா. பிள்ளைக்கு உடனே பெரிய ஆறுதல். அந்த ஆறுதல், தப்பினால்தான் நல்லது என்ற பாடத்தை மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. மறுநாள் வலி அரைமணி முன்னரே வரும். அது நடிப்பென்று நினைக்காதீர்கள், பதற்றத்தில் வயிறு உண்மையாகவே நோகும். மறுபக்கம், அடித்து உருட்டி எழுதவைத்தால் கொப்பியைக் கண்டாலே உடல் விறைக்கப் பழகும். நடுவழி ஒன்று இருக்கிறது: வேலையைக் குறைக்கலாம், கைவிடக்கூடாது. ஐந்து வசனம் ஏலாதென்றால் ஒரு வசனம். ஒரு வசனம் ஏலாதென்றால் ஒரு சொல். அந்த ஒரு சொல்லை எழுதிய பிறகுதான் கொப்பி மூடப்படும்.

முதலில் பயத்துக்கு ஓர் அளவு வையுங்கள். பத்து விரலும் போதும்.

"இப்ப எவ்வளவு பயமா இருக்கு? விரல்ல காட்டு பாப்பம்."

"எட்டு."

"எட்டா, சரி. அப்ப இண்டைக்கு நீ சொல்லு, நான் எழுதுறன். கடைசிச் சொல்லை மட்டும் நீ எழுது."

இதில் ஏணியின் முதல் இரண்டு படியும் இருக்கின்றன. அடிப்படி, பிள்ளை சொல்லச் சொல்லப் பெரியவர் எழுதுவது, அதுவும் பிள்ளையின் சொல்லை மாற்றாமல். தன் வாயிலிருந்து வந்தது தாளில் நிற்பதைப் பிள்ளை காணவேண்டும். அடுத்த படியில் வசனத்தின் கடைசிச் சொல் பிள்ளையுடையது. பிறகு ஒரு வரி நீங்கள், ஒரு வரி பிள்ளை. பிறகு ஒரு முழு வசனம், யாருக்கும் காட்டவேண்டியதில்லை என்ற உறுதியோடு. அந்த உறுதியை மீறி ஒளிந்து பார்த்துவிடாதீர்கள். ஒருதரம் பிடிபட்டால் ஏணியே சரியும். அதற்குப் பிறகு வசனத்தைத் தானே வாசித்துக் காட்டுவது, பிறகு கொப்பியைக் காட்டுவது, பிறகு வீட்டுக்கு வரும் மாமி முன்னால் எழுதுவது, கடைசியாக வகுப்பில் எழுதுவது.

ஒரு படியில் எவ்வளவு நாள் நிற்பது? விரல் கணக்கு பாதியாகக் குறையும்வரை. எட்டில் தொடங்கியது நான்குக்கு வந்து, அப்படியே மூன்று நாள் நின்றால் மேலே போகலாம். அதிகம் நடக்கும் பிழை, இரண்டு நாள் நன்றாக எழுதியதும் மகிழ்ச்சியில் இரண்டு படி தாவுவது. மூன்றாம் நாள் எல்லாம் நொறுங்கும். நொறுங்கினால் ஒரு படி இறங்குங்கள், அடிக்கு இறங்கவேண்டாம். பயம் உச்சத்தில் இருக்கும்போது நிறுத்திவிடுவதும் பிழையே. பென்சிலை வைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விட்டு, ஐந்து தரம் செய்த பிறகு, ஓர் எழுத்தாவது எழுதி முடியுங்கள். மூச்சுப் பயிற்சி பதற்றத்தைச் சற்றுத் தணிக்கும். பயத்தைக் கரைப்பது அந்த ஓர் எழுத்து.

அழிறப்பர் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பயந்த பிள்ளையின் கையில் அது ஆயுதம். பயிற்சி நேரத்தில் அதை மேசையில் வைக்காதீர்கள். பிழைத்த சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதுவது என்று ஒரு விதி வையுங்கள். நீங்களும் கடைக்குப் போகும் சாமான் பட்டியலைப் பிள்ளையின் முன்னால் எழுதி, ஒரு சொல்லைப் பிழையாக எழுதி, கோடு போட்டுவிட்டுத் தொடருங்கள். பெரியவர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் கண்டதெல்லாம் அச்சடித்த புத்தகம்தான்.

கை, கதிரை, பென்சில்

தொடர்மாடி வீடுகளில் பிள்ளைக்கென்று மேசை வைக்க இடமிருக்காது. சாப்பாட்டு மேசையில் உட்காரும், கால் தொங்கும், அல்லது கட்டிலில் குப்புறப் படுத்து எழுதும். கால் தொங்கும் உடல் தன்னை நிமிர்த்திவைக்கவே சக்தியைச் செலவழிக்கிறது. இரண்டு பாதமும் தட்டையாகப் பதியவேண்டும். பழைய பத்திரிகைக் கட்டை இறுகக் கட்டிக் காலடியில் வைத்தால் போதும். முழங்கை மடிந்து மேசையில் இருக்கும்போது தோள் உயரக்கூடாது. உயர்ந்தால் கதிரையில் தலையணையோ மடித்த போர்வையோ போடுங்கள். மணிக்கட்டு உள்ளே மடியும் பிள்ளைக்குச் சாய்வான தளம் உதவும். பொக்ஸ் ஃபைல் ஒன்றின் தடித்த முதுகுப்பக்கம் தூரமாக இருக்கும்படி வைத்தால், ஏறத்தாழ 15 பாகைச் சாய்வு கிடைக்கும்.

தாளைச் சாய்த்து வைக்கவேண்டும். வலக்கைப் பிள்ளைக்குத் தாளின் மேற்பக்கம் இடப்புறம் சாயும், இடக்கைப் பிள்ளைக்கு வலப்புறம். இடக்கைப் பிள்ளை பென்சிலை நுனியிலிருந்து மூன்று சென்றிமீற்றராவது தள்ளிப் பிடித்தால்தான் தான் எழுதுவதைத் தானே பார்க்கலாம், கையும் எழுதியதை அழிக்காது. இடக்கையை வலக்கையாக மாற்ற முயலவேண்டாம். சாப்பாட்டுக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் வலக்கை என்று சொல்லிக்கொடுப்பது குடும்ப வழக்கம். எழுதும் கையை மாற்றுவதோ பிள்ளைக்கு இல்லாத கஷ்டத்தை உண்டாக்கும்.

பென்சில் பிடியைத் திருத்துவதில் வீடுகளில் மிதமிஞ்சிய சண்டை நடக்கிறது. மூன்று விரல் பிடி நல்லது. நான்கு விரல் பிடியிலும் எழுத்தின் தெளிவோ வேகமோ குறைவதில்லை. கை நோகாமல், விரல் நுனி அசைந்தால் பிடியை விட்டுவிடுங்கள். முஷ்டியால் பிடித்து முழுக்கையையும் அசைத்து எழுதினால்தான் மாற்றவேண்டும். அதற்கு நீண்ட பென்சிலைவிட ஆறு சென்றிமீற்றர்த் துண்டு நல்லது. முஷ்டியால் பிடிக்க அதில் இடமில்லை.

எவ்வளவு அழுத்தி எழுதுகிறது என்று அறிய, எழுதிய தாளைத் திருப்பி விரலால் தடவுங்கள். புடைத்த கோடுகள் தெரிந்தால் கை விரைவில் களைக்கும். எச்.பி. பென்சிலை விட்டு 2பி கொடுங்கள். மெல்லத் தொட்டாலே கருமையாக விழும். தாளுக்குக் கீழே பல மடிப்புப் பத்திரிகையை வைத்து, "தாள் கிழியாமல் எழுது" என்று விளையாட்டாக்கினால் அழுத்தம் தானாகக் குறையும். கொழும்புப் புழுக்கத்தில் கை வியர்த்துத் தாளில் ஒட்டுவதும் ஒரு தொல்லை. மணிக்கட்டுக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்தால் தீரும்.

ரொட்டிமா பிசைவது, உள்ளி உரிப்பது, தேசிக்காய் பிழிவது, உடுப்புக் கிளிப்பை அமுக்கிக் கொடியில் மாட்டுவது எல்லாம் விரலுக்கு வலு. ஆனால் மா பிசைந்தால் எழுத்து வந்துவிடாது. கையெழுத்துப் பயிற்சியைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எழுத்தையே எழுதிப் பழகாத சிகிச்சைகளால் எழுத்து திருந்தவில்லை. 20 அமர்வுக்குக் குறைந்தவையும் பலன் தரவில்லை. நீச்சல் பழக நீரில்தான் இறங்கவேண்டும்.

சின்னப் பிள்ளைகளிடம் அவசரப்படுவது வேறு கதை. வட்டத்தைப் பார்த்து வரையும் திறன் ஏறத்தாழ மூன்று வயதில் வரும், கூட்டல்குறி நான்கில், சதுரம் நான்கரை ஐந்தில், சாய்கோடு வேண்டிய முக்கோணம் ஐந்தை ஒட்டித்தான். முன்பள்ளியில் நான்கு வயதில் 'ழ'வும் 'ற'வும் எழுதவைத்து, எழுதாத பிள்ளையைப் பின்தங்கியது என்பது, பயத்துக்கு விதை போடும் வேலை. ஏடு தொடக்கும் அன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கிறோம். அந்த அரிசித் தட்டு ஒரு நாள் சடங்கோடு முடியாமல், ஐந்து வயதுவரை வீட்டில் இருந்தால் மிக நல்லது. அதில் பிழையே மிஞ்சாது. தட்டை ஒருதரம் ஆட்டினால் மறைந்துவிடும்.

நாளுக்குப் பத்து நிமிடம்

கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம். நான்கு கிழமையில் இருபது அமர்வு ஆகிவிடும். ரியூசன் முடிந்து வந்து, களைத்து, இரவு எட்டு மணிக்குச் செய்வதில் பயனில்லை. வீட்டுவேலையோடு சேர்க்கவும் வேண்டாம்.

முதல் இரண்டு நிமிடம் பெரிய அசைவு. அரிசித் தட்டிலோ காற்றிலோ அன்றைய எழுத்தைப் பெரிதாக எழுதி, கையோடு வாயும் சொல்லவேண்டும். 'ண'வுக்கு "ஒண்டு, ரெண்டு, மூண்டு, ஏறி இறங்கு." 'ன'வுக்கு இரண்டோடு நிறுத்தம். கண் மறந்தாலும் வாயின் தாளம் மறக்காது. அடுத்த நான்கு நிமிடம் தாளில் ஒரே குடும்ப எழுத்து. ட, ப, ம, ய என்று மேலிருந்து இறங்கும் கோட்டில் தொடங்குபவை ஒரு குடும்பம். க, ச, த ஒரு குடும்பம். வ, ன, ண, ல என்று சுழியில் தொடங்குபவை இன்னொன்று. அகரவரிசைப்படி போகத் தேவையில்லை, கையின் அசைவுப்படி போங்கள். ஒவ்வோர் எழுத்தையும் மூன்றுதரம் மட்டும். பிறகு மூன்று நிமிடம் சொல். கடைசி ஒரு நிமிடம், "இந்தப் பக்கத்தில உனக்குப் பிடிச்ச எழுத்து எது?" என்று கேட்டு, பிள்ளையே அதைச் சுற்றி வட்டம் போட்டுத் திகதி எழுதவேண்டும்.

சொல் பகுதியில், சொல்லின் எழுத்து எத்தனையோ அத்தனை பெட்டி கீறிக் கொடுங்கள். சதுரக்கோட்டுக் கொப்பி இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். 'பட்டம்' என்றால் நான்கு பெட்டி. உயிர்மெய்க்குக் கை தட்டு, ஒற்றுக்குக் கையை மூடிப் பிடி: 'ப' தட்டு, 'ட்' பிடி, 'ட' தட்டு, 'ம்' பிடி. ஒற்றை விழுங்கும் பிள்ளைக்கு இதுபோல உதவும் வழி குறைவு. பெட்டி காலியாக இருப்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும், நீங்கள் பிழை சொல்லவேண்டியதில்லை.

பத்துத்தரம் எழுதச் சொல்வதில் என்ன பிழை? பிள்ளை ஒவ்வொரு வரியையும் மேலே தான் எழுதிய வரியைப் பார்த்துத்தான் எழுதுகிறது, உங்கள் மாதிரியைப் பார்த்து அல்ல. மூன்றாம் வரியில் கோணியது பத்தாம் வரியில் புதிய வடிவமாகிவிடும். கை களைக்கும், மனம் வெறுக்கும், பிழை நன்றாகப் பதியும். திருத்தும்போதும் ஒரு பக்கத்துக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் எடுங்கள். இந்தக் கிழமை ஒற்று என்றால், ர-ற, ல-ள-ழ எல்லாம் காத்திருக்கட்டும். "தங்கச்சியின்ர எழுத்தைப் பார்" என்ற ஒரு வசனம் நான்கு கிழமை உழைப்பைக் கெடுத்துவிடும்.

சொந்த வசனம் வராத பிள்ளைக்கு முதலில் நான்கு சிறு படம் கீறச் சொல்லுங்கள், குச்சி மனிதர் போதும். படத்தைக் காட்டி வாயால் சொல்லட்டும், அதை ஃபோனில் பதிந்து திரும்பப் போட்டுக் கேட்கட்டும், பிறகு ஒவ்வொரு வசனமாக நிறுத்தி எழுதட்டும். எண்ணம் ஃபோனில் பத்திரமாக இருப்பதால், செயல்நினைவு எழுத்துக்கு ஒதுங்கும். ஒன்பது பத்து வயதுக்கு மேல் தமிழ்க் குரல்வழித் தட்டச்சையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் பரீட்சை கையால்தான் என்பதால் கையெழுத்துப் பயிற்சியை விடக்கூடாது. தரம் 5 புலமைப்பரிசில் நெருங்கும் ஆண்டில் வேகத்தைப் பற்றிய பதற்றம் வீட்டையே பிடிக்கும். தெளிவு தானாக ஓடத் தொடங்கிய பிறகுதான் நேரம் பிடித்து எழுதவைக்கவேண்டும். முன்னரே மணிக்கூட்டை வைத்தால் இரண்டும் போகும்.

பாடசாலையிடமும் வைத்தியசாலையிடமும்

வகுப்பாசிரியரிடம் முறைப்பாடாகப் போகாமல், மூன்று சின்ன வேண்டுகோளோடு போங்கள். முன்வரிசையில் இடம், கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியிலோ துண்டுத் தாளிலோ பார்த்து எழுத அனுமதி, நீண்ட வேலையில் பாதி எழுதினால் போதும் என்ற இணக்கம். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியரும் இந்த மூன்றையும் செய்யலாம். எழுத்து சரியில்லை என்று விரல் மொழியில் அடிமட்டத்தால் தட்டுவது இன்றும் சில இடங்களில் நடக்கிறது. கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையைத் தடைசெய்திருக்கிறது. அதிபரிடம் அதைச் சொல்லத் தயங்கவேண்டாம்.

ஒழுங்காக உதவி செய்தும் ஆறு மாதத்தில் முன்னேற்றமில்லை என்றால், எழுதும்போது கை உண்மையாகவே வலிக்கிறது என்றால், ஆறரை வயதிலும் முக்கோணம் வரைய முடியவில்லை, பொத்தான் போடவும் சப்பாத்து நூல் கட்டவும் தடுமாறுகிறது என்றால், நிபுணரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. எழுதுவதில் உள்ள கற்றல் குறைபாடாக இருக்கலாம். பாடசாலைப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருக்கும் அசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடாகவும் இருக்கலாம். கவனக் குறைபாடும் எழுத்தில் வெளிப்படலாம். இவற்றில் எதுவும் புத்திக்குறைவு அல்ல. ஆனால், நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென எழுத முடியாமல் போனாலோ, ஒரு கை பலவீனமானாலோ, காத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் போகவேண்டும்.

பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது; அரச வைத்தியசாலை, கட்டணமில்லை. கொழும்புக்கு வடக்கே ராகமவில் உள்ள அயதி நிலையம், வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிகிச்சைகளை ஓரிடத்தில் தருகிறது. கையின் திறனைத் தொழில்வழிச் சிகிச்சையாளரும், ஒலி-எழுத்துச் சிக்கலைப் பேச்சு மொழிச் சிகிச்சையாளரும் பார்ப்பார்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருப்பார். வைத்திய அறிக்கை இருந்தால், மேலதிக நேரம் போன்ற வசதிகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் பாடசாலை ஊடாகக் கேட்கலாம். பரிசோதனைகளுக்கும் அறிக்கைக்கும் மாதக்கணக்கில் செல்லும் என்பதால், பரீட்சைக்கு ஒரு வருடம் முன்னரே தொடங்குங்கள்.

போகும்போது கிளினிக் கொப்பியோடு, பிறந்தபோது தந்த வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தையும், ஆறு மாத இடைவெளியில் எழுதிய இரண்டு பாடசாலைக் கொப்பியையும், வீட்டுப் பயிற்சித் தாள்களையும் திகதிப்படி அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். அழகான பக்கங்களை மட்டும் பொறுக்கவேண்டாம், கிழிந்த பக்கமும் போகட்டும். தொடக்கத்தில் ஃபோனில் பதிந்த கதையை அழித்துவிடாமல் வைத்திருங்கள். வாய் எவ்வளவு சொல்கிறது, கை எவ்வளவு எழுதுகிறது என்பதைச் சிகிச்சையாளர் ஐந்து நிமிடத்தில் அதிலிருந்து கணித்துவிடுவார்.